அம்மாவின் சுங்குடிச் சேலையில் ஒரு கரடிப் பொம்மை

கேள்வி: சென்ற ஆண்டு காலமான என் அம்மாவின் சேலைகளில் இரண்டு என் பங்குக்கு வந்தன. ஒன்று அவர் வீட்டில் எந்நேரமும் உடுத்தியிருந்த நீலச் சுங்குடி, மற்றொன்று அவருடைய கூறைப்பட்டு. இவற்றில் ஒன்றை வெட்டி என் இரண்டரை வயது மகளுக்கு ஒரு கரடிப் பொம்மை தைத்துக் கொடுக்க விரும்புகிறேன். ரவிக்கை தைக்கும் அளவுக்குத் தையல் தெரியும். இறந்தவர் சேலையில் கத்தரி வைக்கக் கூடாது என்று அக்கா வருத்தப்படுகிறார். சுங்குடியில் அம்மாவின் வாசனை இன்னும் இருப்பதால், துவைக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கூறைப்பட்டை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். பல ஆண்டுகள் மடித்து வைத்த பட்டு, மடிப்பு விழுந்த இடங்களில் இற்றுப்போயிருக்கும். பஞ்சை அடைத்து இறுக்கும்போது அந்த வரிகளில்தான் முதலில் கிழியும். ஜரிகை குழந்தையின் கன்னத்தில் உரசும் என்பதோடு, எச்சிலும் வியர்வையும் பட்டால் கறுத்தும் போகும். அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும் ஒரு பொம்மைக்குப் பருத்திதான் ஏற்ற துணி. உங்கள் அம்மாவின் மடியில் உங்கள் மகள் படுத்தபோது அவள் முகத்தில் பட்டதும் சுங்குடியாகத்தான் இருந்திருக்கும்.

அக்காவிடம் வாதாட வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் 14 அங்குல உயரக் கரடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் போதும். முந்தானை உட்பட ஐந்து மீட்டர் அளவுக்குத் துணி அப்படியே மிஞ்சும், அவர் விரும்பினால் அவரிடமே அதைக் கொடுத்துவிடலாம். பாட்டியின் பழஞ்சேலையைக் கிழித்துத் தூளி கட்டுவதும், பிள்ளைக்குக் கீழே விரிப்பதும் நம் வீடுகளில் காலங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்பதை அவரே நினைத்துக்கொள்ளக்கூடும். எதுவானாலும், கத்தரியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வெட்டிய பிறகு தெரியவந்தால் அந்த வருத்தம் பொம்மை மீதும் படியும்.

வாசனையைப் பொறுத்தவரை, துவைக்காமல் தைக்க முடியாது என்பதே என் பதில். நீண்ட நாள் கிடந்த துணியில் ஊறிய வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் நாளடைவில் மஞ்சள் கறையாகும், பூச்சியையும் அழைக்கும். குழந்தை வாயில் வைக்கப்போகும் பொருளுக்கு அது ஆகாது. முந்தானையின் ஓரத்தில் கையகல அளவுக்கு ஒரு துண்டை மட்டும் வெட்டி, துவைக்காமல், இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசனை என்றைக்கும் நிற்காது என்றாலும் திறந்த பீரோவில் இருப்பதைவிட அதிக நாள் நிற்கும். அதன் அருகில் அந்துருண்டை போட்டுவிடாதீர்கள்.

துவைப்பதற்கு முன் சாயத்தைச் சோதியுங்கள். வெள்ளைத் துணியொன்றை நனைத்துச் சேலையின் உள்பக்கத்தில் அழுத்தித் தேயுங்கள். நீலம் ஒட்டினால், வெள்ளைத் துணியில் கறை படாத நிலை வரும்வரை குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும். கல் உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பது பலரின் நம்பிக்கை. ஏற்கெனவே சாயம் ஏற்றி முடித்த துணிக்கு அது பெரிதாக உதவுவதில்லை. எத்தனை முறை அலசியும் சாயம் விடும் துணியைக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது.

சேலையின் எந்தப் பகுதியில் வெட்டுவது என்பதில்தான் பொம்மையின் ஆயுள் இருக்கிறது. முந்தானை கை துடைத்தும் முகம் துடைத்தும் நைந்திருக்கும். உட்காரும்போது அழுந்தும் நடுப்பகுதி மெலிந்திருக்கும். கொசுவத்தின் அடிக்கரை தரையில் தேய்ந்திருக்கும். உடுத்தும்போது முதலில் இடுப்பைச் சுற்றிச் செருகும் உள்தலைப்பு மட்டும் வெயிலும் உரசலும் அதிகம் படாமல் இருந்திருக்கும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து மெல்ல இழுக்கும்போது இழைகள் விலகி நின்றால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மதுரைச் சுங்குடியில் கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, அதுதான் அதன் அழகு. ஆனால் கரடியின் கண்ணுக்கு அருகே ஒரு வெள்ளைப் புள்ளி வந்து விழுந்தால் முகமே கோணிப்போகும். எனவே ரவிக்கைக்குச் செய்வதுபோல் துணியை இரட்டையாக மடித்து வெட்டாமல், காகித மாதிரியை ஒற்றைத் துணியின் மேல் வைத்து, கண் வரும் இடம் புள்ளியில்லாத நீலத்தில் விழுமாறு நகர்த்தி, ஒவ்வொரு துண்டாக வெட்டுங்கள். இடதுக்கும் வலதுக்கும் மாதிரியைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மாதிரியின் நேர்க்கோடு சேலைக்கரைக்கு இணையாக இருக்கட்டும். சாய்வாக வெட்டிய துண்டு பஞ்சு அடைத்ததும் இழுபட்டு ஒரு பக்கம் வீங்கும்.

சேலையைத் தொடுவதற்கு முன் பழைய தலையணை உறையில் ஒரு கரடியை முழுமையாகத் தைத்துப் பாருங்கள். ரவிக்கை தைத்துப் பழகிய உங்களுக்கு உடலும் கைகால்களும் எளிதாக வந்துவிடும். சிரமம் தருவது மூக்கிலிருந்து பிடரிவரை தலையின் இரு பக்கங்களுக்கும் நடுவே வரும் நீளத் துண்டுதான். முகத்துக்கு உருவம் கொடுப்பதே அந்தத் துண்டு என்பதால், மூக்கு நுனியை முதலில் கையால் ஓட்டி, அங்கிருந்து பின்னோக்கி இரு பக்கமும் தைத்துச் செல்லுங்கள்.

பழைய பருத்தி தனியாகப் பஞ்சின் இறுக்கத்தைத் தாங்காது. ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் அதே அளவில் காடாத்துணியை வைத்து ஓரங்களை ஓட்டி, இரண்டையும் ஒரே துணியாகக் கொண்டு தையுங்கள். காடாத்துணி முதல் துவைப்பில் சுருங்கும், ஆகவே அதை முன்னதாகவே நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுவிட வேண்டும். இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸும் பயன்படும் என்றாலும், சுங்குடியின் மென்மையை அது கெடுத்துவிடுகிறது. எனக்குக் காடாத்துணிதான் பிடிக்கும். தையலுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் துணி விட்டு, அங்குலத்துக்குச் சுமார் 12 தையல் வருமாறு அமைத்து, ஒரே கோட்டில் இருமுறை ஓட்டுங்கள். வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் திருப்பும்போது சுருக்கம் விழாது. முதுகில் மூன்று அங்குலம் திறந்திருக்கட்டும்.

ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனம் தொடக்க காலத்தில் செய்த கரடிகளில் மரச்சீவலை அடைத்தார்கள். பின்னர் இங்கிலாந்துக் கரடிகளுக்குள் இலவம் பஞ்சு வந்தது. போடிப் பக்கத்து இலவம் பஞ்சு உங்களுக்கு எளிதில் கிடைக்கும் என்றாலும் இந்தப் பொம்மைக்கு அது வேண்டாம், துவைத்தால் உள்ளே கட்டி தட்டிவிடும். தலையணைக் கடைகளில் ரெக்ரான் என்று கேட்டால் கிடைக்கும் செயற்கைப் பஞ்சை வாங்குங்கள். அதைச் சிறு சிறு பிடியாகப் பிய்த்து, மூக்கு, பாதம், கை நுனி ஆகியவற்றை முதலில் நிரப்பி, மழுங்கிய குச்சியால் தள்ளுங்கள். கழுத்தில் நீங்கள் போதும் என்று நினைக்கும் அளவுக்கு மேலும் இரண்டு பிடி வையுங்கள், இல்லையேல் ஒரு மாதத்தில் தலை தொங்கிவிடும். முதுகுத் திறப்பை இரட்டை நூலால், இரு மடிப்புகளுக்குள்ளும் ஊசி மாறி மாறிச் செல்லும் மறைதையலில் மூடுங்கள்.

உங்கள் மகளுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. ஆகவே பொத்தான், மணி, பாசி எதுவும் கூடாது. கண்ணையும் மூக்கையும் கறுப்புப் பூத்தையல் நூலால் நெருக்கமாக நிரப்பிப் போடுங்கள். அம்மாவின் ரவிக்கைப் பொத்தானை வைக்க ஆசை எழலாம். அதை அந்தக் கண்ணாடிப் புட்டியில் போட்டுவையுங்கள். பாட்டியின் குரலைப் பதிந்து பொம்மைக்குள் வைக்கும் சிறு கருவிகளும் விற்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும் என்பதால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். குண்டூசிகளைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணுங்கள். முடிந்தபின் பொம்மை மீது ஒரு காந்தத்தை மெல்ல ஓட்டியும் பாருங்கள்.

அழுக்கானால் குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும்; இன்னும் ஒரு நாள் விட்டுவைப்பது நல்லது. பழந்துணி எங்கேனும் விட்டுக்கொள்வது உறுதி என்பதால், மிச்சச் சேலையை அக்காவிடம் கொடுக்கும் முன், ஒட்டுப் போட ஒரு சாண் துணியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.