மாமனாருக்கு ஒரு சொல்

கேள்வி: என் மாமனாருக்கு எதுவுமே பிடிக்காது. சாம்பார் வைத்தால் "ஒரு ரசம்கூட இல்லையா?" என்பார். ரசம் வைத்தால் "வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?" என்பார். துணியை மடித்து வைத்தாலும் குறை, மடிக்காவிட்டாலும் குறை. கணவரிடம் சொன்னால், "அப்பா ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட், உனக்குப் புரியாது" என்கிறார். இப்படிப்பட்டவரைக் குறிக்க, மரியாதை கெடாத நல்ல தமிழ்ச் சொல் ஒன்று சொல்லுங்களேன்.
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, தென்காசி

பதில்: சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. மரியாதை கெடக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

நொட்டை சொல்கிறவர் என்றால் எந்த ஊரிலும் புரியும். கூடவே ஒரு நொள்ளையையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் கச்சிதம். தட்டைப் பார்த்தவுடனே முகம் சுளித்து, இது வேண்டாம் அது வேண்டாம் என்று ஒதுக்குவது நொரநாட்டியம். வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் நாலு பேரைக் கெஞ்ச வைப்பது பிகு. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, டிகாக்‌ஷன் போதாது என்று ஒரு காபியையும் ஆறிப்போச்சு என்று அடுத்த காபியையும் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாவது டம்ளரை வாங்கி ஒரு வாய்கூடக் குடிக்காமல் நாற்காலிக்கு அடியில் வைக்கும் சம்பந்தி ஒருவர் இருப்பாரே, அவருடையது முறுக்கு. முசுடு, சிடுமூஞ்சி எல்லாம் வேறு கணக்கு. அவர்கள் குறையே சொல்லாமலும் உர்ரென்று இருப்பார்கள்.

இதில் ஓரவஞ்சனையும் உண்டு. ஒரே காரியத்தை ஆண் செய்தால் "கறாரான ஆள்", பெண் செய்தால் "ராங்கிக்காரி". மாப்பிள்ளை முறுக்கு என்பது சீர்வரிசையோடு சேர்ந்து வரும் உரிமை. மருமகள் முறுக்கு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் மாமனார் சொல்லும் இதே குறைகளை உங்கள் அம்மா சொல்லியிருந்தால், உங்கள் கணவருக்கு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் என்ற சொல் நாக்கில் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, அவர் பக்கத்தையும் பார்ப்போம். லேசில் திருப்திப்படாதவர்களை நம் ஆட்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியும் இருக்கிறார்கள். பிரம்மாவே வந்து பட்டம் கொடுத்த பிறகும் விசுவாமித்திரருக்கு மனம் ஆறவில்லை. வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி என்று வர வேண்டும் என்றார். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பதும் அந்த மரியாதைதான். நக்கீரர் கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். படிக்காசுப் புலவர் பாடியதாக ஒரு தனிப்பாடல் உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. தப்பாகப் பாடினால் தலையில் குட்டப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதை அறுக்க வில்லிபுத்தூரார் இல்லை, குடுமிகளை முடிச்சுப் போட்டுத் தலையையே வெட்ட ஒட்டக்கூத்தரும் இல்லை. விவரம் தெரியாத துரைகள் இருக்கிறார்கள், இனி யார் வேண்டுமானாலும் புலவர் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரியலாம் என்று நொந்துகொள்கிறார். காதை அறுத்தவர் இல்லையே என்று ஏங்கும் அளவுக்கு அந்தக் கண்டிப்புக்கு மதிப்பு இருந்திருக்கிறது. (காதோடு இருக்கும் இன்றைய கவிஞர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் இவர்களுக்கெல்லாம் என்ன வேண்டும் என்று தெரியும். கிடைத்தால் ஒப்புக்கொள்வார்கள். வசிஷ்டர் கடைசியில் சொல்லிவிட்டார் அல்லவா? புடவைக் கடையில் கட்டுக்கட்டாகப் பிரித்துப் போட்ட பிறகும், "இதே கலர்தான், பார்டர் மட்டும் ஒரு விரல் குறைச்சலா வேணும்" என்று நிற்கும் பெண்ணைக் கடைப்பையன் மனதுக்குள் திட்டுவான். அந்தப் புடவை வந்துவிட்டால் அவர் மறுபேச்சுப் பேசாமல் பில் போடச் சொல்லிவிடுவார். அவரை நொட்டை சொல்கிறவர் என்றால் அநியாயம். உங்கள் மாமனாருக்கு அந்த ஒரு விரல் பார்டர் எது? நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்துப் பார்த்தேன், அப்படி ஒன்று தென்படவில்லை. மடித்தாலும் குறை, மடிக்காவிட்டாலும் குறை என்றால் பிரச்சினை துணியில் இல்லை.

"வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம்" என்பார்கள். அந்தப் பழமொழியில் கைக்கும் காலுக்கும் வேலையே இல்லை. வேண்டாத என்ற முதல் சொல்லிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. உங்கள் வீட்டுக் கதை அதுதானா என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல நீங்களே சாம்பார் வையுங்கள். பரிமாறும்போது, "இன்னைக்கு உங்க மகன் வெச்சது மாமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால், உங்களுக்குத் தேவை புதுச் சொல் இல்லை, அந்தப் பழமொழியே போதும். மகன் கையாலும் அதே முகச்சுளிப்புதான் என்றால் நொட்டை. மரியாதைக்கு வேண்டுமானால் "மாமா" என்று முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை, "பருப்பு குழையலை, புளி பச்சை வாசனை போகுமுன்னே இறக்கிட்டான்" என்று குறிப்பாக ஏதாவது சொன்னால் உங்கள் கணவர் ஜெயித்தார். அப்படிப்பட்டவருக்கு நாக்கு நாலு முழம் என்பார்கள். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், சிரிப்பார்.

கணவரும் அதே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் முதல் நாளே சத்தியம் வாங்கிவிடுங்கள்.