சர்ச்சில் ஒரு அம்மா, வீட்டில் ஒரு அம்மா: வாசகர் கேள்வி பதில்

அக்கா, நான் சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன். தினமும் காலை நாலரைக்கு எழுந்து ஜெபித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஆனால் ஏழு மணி ஆவதற்குள் என் வாய் ஆரம்பித்துவிடும். பிள்ளைகளிடம் கத்துவேன், மாமியாரைக் குத்திப் பேசுவேன். போன வாரம் நாலாவது படிக்கிற மகன், "சர்ச்ல நீ வேற அம்மா, வீட்ல வேற அம்மா" என்று சொல்லிவிட்டான். நான் வேஷக்காரியா? பாடகர் குழுவை விட்டு விலகிவிடட்டுமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

விலக வேண்டாம் தங்கச்சி. விலகினால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும், வீட்டில் ஏழு மணிச் சத்தம் அப்படியேதான் இருக்கும். வேஷக்காரி என்றால் பிள்ளை சொன்னதற்கு முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள், இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன், இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? பாத்திரம் கழுவி, மாவு எடுத்து வைத்து, வீட்டுப்பாடம் பார்த்துப் படுக்கப் பதினொன்றரை ஆகிறது என்றால், நாலரைக்கு எழுந்த உடம்பு ஏழு மணிக்கு எரிந்து விழத்தான் செய்யும். "இன்னும் ஜெபம் போதவில்லை" என்று சொல்லி நாலரையை நாலாக்கிவிடாதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சொல்லிப் படுத்துத் தூங்கியபோது, வந்த தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார், தூதன் ரெண்டாவது தடவையும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடந்தது அதற்கு அப்புறம்தான். அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், சண்டை எங்கே தொடங்குகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஒற்றை சாக்ஸில்தான் தொடங்குகிறது. யூனிஃபார்ம், சாக்ஸ், கையெழுத்துப் போடவேண்டிய டைரி எல்லாம் முந்தின இரவே நாற்காலியில் இருந்தால் பாதி சத்தம் குறையும். இதிலே என்ன ஆவிக்குரிய வாழ்க்கை என்று கேட்காதீர்கள், கலாத்தியர் 5இல் பவுல் சொல்கிற ஆவியின் ஒன்பது கனிகளில் இச்சையடக்கமும் ஒன்று, இரவு ஒன்பதரைக்கு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு சாக்ஸ் தேடுவது அந்தக் கணக்கில் வராதா என்ன!

அதே அதிகாரத்தில் அந்தக் கனிகளுக்குச் சற்று மேலே மாம்சத்தின் கிரியைகளை, அதாவது பாவச் செயல்களை அடுக்குகிறார், அதையும் பாருங்கள். விக்கிரகாராதனை, குடிவெறிகள் எல்லாம் வருகிற அதே வரிசையில்தான் கோபங்களும் சண்டைகளும் வருகின்றன. நம் சபைகளில் ஒருவர் குடித்துவிட்டு வந்தால் ஊர் முழுக்கப் பேசுகிறோம், வீட்டில் எரிந்து விழுகிறவரைக் கமிட்டியில் உட்காரவைத்து மாலை போடுகிறோம். உங்கள் மகனுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, நல்லவேளை.

கத்திவிட்ட அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா காலையில கத்தினது தப்புடா", அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "நீயும் சீக்கிரம் கிளம்பியிருந்தா..." என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போச்சு, மன்னிப்புக் கேட்டது போய்க் குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

மாமியார் விஷயம் இன்னும் கஷ்டம், தெரியும். திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் கையைப் பிடிக்கிறோம், ஒரே வீட்டில் இருக்கிறவர் கையைப் பிடித்து எத்தனை காலம் ஆச்சு? சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதில் மாமியாருக்கு விதிவிலக்கு இல்லை. பெரிதாக எதுவும் பேசத் தெரியாவிட்டால் காலையில் அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள், டம்ளரை வைத்துவிட்டு ஓடாதீர்கள்.

மகன் உடனே நம்பிவிட மாட்டான். முந்தின ஊழியப் பயணத்தில் மாற்கு பாதி வழியில் விட்டுப்போனவன் என்று பவுல் அவனைக் கூட்டிக்கொண்டு போக மறுத்தார், அந்தச் சண்டையில் கூட ஊழியம் செய்த பர்னபாவையே பிரிந்தார். பிற்பாடு அதே பவுல்தான் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இடையில் வருஷங்கள் ஓடிவிட்டன. பிள்ளைக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறேன். கடனைத் திருப்பிக் கேட்டு ஃபோன் வந்தால், "ஓனர் வெளியூர் போயிருக்கார்னு சொல்லு" என்கிறார் முதலாளி. அவர் உள்ளேதான் இருப்பார். பொய் சொல்ல மனசு வரவில்லை, வேலையை விடவும் முடியாது, வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகர், மதுரை

தம்பி, தானியேலைப் பாருங்கள், சிங்கக் கெபியை அல்ல, அதற்கு முன்னால் முதல் அதிகாரத்தை. ராஜாவின் சாப்பாட்டால் தீட்டுப்பட மாட்டேன் என்று மனதில் தீர்மானித்துவிட்டு, பந்தியில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. பொறுப்பில் இருந்த பிரதானியிடம் போய் வேண்டிக்கொண்டான். "ராஜாவுக்குத் தெரிந்தால் என் தலை போய்விடும்" என்று பிரதானி பயந்தபோது, அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு தங்களைக் கவனித்துக்கொண்ட விசாரணைக்காரனிடம் போய்ப் பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டான். பிடிவாதமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

உங்கள் முதலாளிக்கும் ஏதோ பயம் இருக்கிறது, பணம் வரவேண்டிய இடத்திலிருந்து வந்திருக்காது. கடை ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, "அண்ணாச்சி, வெளியூர்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது, இப்ப பேச முடியாது, தகவல் சொல்லிடறேன்னு சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். அது பொய்யும் இல்லை, அவருக்கும் காரியம் நடக்கும். பல முதலாளிகள் இதற்குச் சரி என்றுவிடுவார்கள், கல்லாவை நம்பி விட்டுப்போக இப்படிப்பட்ட பையன்தானே அவர்களுக்கும் வேண்டும்.

எடையில் ஏமாற்று, போலிச் சரக்கை அசல் என்று விற்று வா என்றால் மட்டும் இந்தச் சமரசம் செல்லாது. அப்போது வேறு வேலை தேடத்தான் வேண்டும், அதையும் வீட்டுச் செலவுக்கு வழி பார்த்துக்கொண்டு தேடுங்கள். விசுவாச வீரன் என்று மேடையில் சாட்சி சொல்வதற்காக நாளைக்கே வேலையை உதறாதீர்கள்.

ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஜனவரியும் தொடங்குகிறேன். லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. எப்படித் தாண்டுவது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

உங்களுக்குத் துணை நிறையப் பேர் இருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள். மொத்தம் 1189 அதிகாரம், ஒரு வருஷத்தில் முடிக்க நாளைக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும், சமையலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அது எல்லோருக்கும் முடியாது. பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், அதை ஒரு மாதம் நிதானமாக வாசியுங்கள்.

லேவியராகமத்தை விட்டுவிடவும் வேண்டாம். அதில் 19ஆம் அதிகாரத்தை மட்டும் தனியாக எடுத்து வாசியுங்கள். அறுக்கும்போது வயல் ஓரத்தை ஏழைக்கு விடு, செவிடனை நிந்திக்காதே, நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு, படிக்கல் சரியாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றும் நம் தெருவுக்கு எழுதியது மாதிரியே இருக்கும். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்றும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள்? முதல் தேதி தாண்டிப்போகிறது என்றால் முதலில் அதைச் சரிபண்ணுங்கள், 20ஆம் அதிகாரத்துக்கு அவசரமில்லை.