பின்கால்

அன்புள்ள ஐயா,

பழைய மரச்சாமான்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தச்சர் சிப்பெண்டேலின் பாணியில் ஆறு சாப்பாட்டு நாற்காலிகளை நானே செய்வதென்று இறங்கிவிட்டேன். தேக்கு எடுக்கலாமா, மகோகனிதான் வேண்டுமா? முன்கால்களில் பந்தைப் பிடித்திருக்கும் நகங்களைச் செதுக்கினால்தான் அசல் தோற்றம் வருமா? எந்த பாலிஷ் நல்லது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிடைக்கிற நல்ல மரத்தில் செய்யுங்கள். பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கான வரியை 1721ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியபின் மகோகனி எளிதாக வந்து சேர்ந்ததால்தான் லண்டன் தச்சர்கள் அதை எடுத்தார்கள். நகக்கால் ஆசையை விட்டுவிடலாம். தாமஸ் சிப்பெண்டேல் 1754இல் வெளியிட்ட வடிவமைப்பு நூலில் அப்படிப்பட்ட கால் ஒன்றுகூட இல்லை. பாலிஷைப் பற்றி இப்போதே கேட்பது, பெண் பார்க்கப் போகுமுன் பேரனுக்குப் பெயர் தேடுவது.

இத்தனை கேட்ட நீங்கள் பின்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். போன வாரம் பரணை ஒழித்தபோது, நான் முதன்முதலில் செய்த நாற்காலி உடைந்த நிலையில் கீழே வந்தது. அதில் உட்கார்ந்து சாப்பிட்ட என் தாய்மாமன், வெற்றிலையை மடித்துக்கொண்டே பின்னால் சாய்ந்த நொடியில், இருக்கைக்குச் சற்று மேலே இடது பின்கால் மளுக்கென்று முறிந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். ஆனால் அதன்பின் சாகும்வரை என் வீட்டில் பாய் விரிக்கச் சொல்லியே சாப்பிட்டார்.

முறிந்த இடத்தை இப்போது பார்த்தால் காரணம் பச்சையாகத் தெரிகிறது. இந்த வகை நாற்காலியில் பின்காலும் முதுகின் பக்கச் சட்டமும் ஒரே துண்டு. அது இருக்கை மட்டத்திலிருந்து பின்னோக்கி வளைகிறது. நான் மரத்தை மிச்சம் பிடிக்க நினைத்து, பலகையில் இடம் கிடைத்த திசையிலெல்லாம் கால்களை நெருக்கி வரைந்து அறுத்ததால், வளைவில் மர நாரின் ரேகை குறுக்கே ஓடி, இரண்டு அங்குலத்துக்கு மேல் தொடர்ச்சியாக நிற்கவில்லை. போதாக்குறைக்கு, இருக்கையின் பக்கச் சட்ட முனையில் ஒல்லியாக வெட்டிய நாக்கு இறங்குவதற்கான துளையையும் அதற்குச் சற்றுக் கீழேயே வெட்டியிருந்தேன்.

அந்தத் துளையும் லேசான வேலையல்ல. இருக்கை முன்பக்கம் அகன்றும் பின்பக்கம் நான்கைந்து அங்குலம் குறுகியும் இருப்பதால், பக்கச் சட்டம் பின்காலைச் செங்கோணத்தில் சந்திப்பதில்லை. நாக்கையோ துளையையோ அந்தச் சாய்வுக்கு வெட்டியாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாத் தச்சர்கள் பலர் அந்த நாக்கைக் காலின் மறுபுறம்வரை செலுத்தி, அதன் முனை வெளியே தெரியும்படியே விட்டார்கள். முன்பக்கம் அத்தனை செதுக்கல் இருக்க, பின்பக்கத்தில் மறைக்கப்படாத அந்தச் சிறு செவ்வகத்தின் கூச்சமின்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆகவே, காலின் வடிவத்தை முதலில் ஒட்டுப்பலகையில் வெட்டி, அதை மரத்தின்மேல் நகர்த்தி நகர்த்தி, ரேகை காலோடு அதிக நீளம் ஓடும் இடத்தைத் தேடுங்கள். ரேகையே வளைந்திருக்கும் பலகை கிடைத்தால் காசு பார்க்காதீர்கள். செதுக்கல் எதுவுமில்லாமல் ஒரே ஒரு நாற்காலி செய்து, உங்கள் உறவில் கனமானவரை அழைத்து, வயிறாரச் சோறு போட்டுச் சாயச் சொல்லுங்கள். மற்ற ஐந்தையும் பாலிஷையும் அப்புறம் பேசலாம்.