மறு: அட்டைப் படம் அச்சில் மங்கிவிட்டது

திரையில் பளிச்சென்று இருந்த நீலப் பட்டுப்புடவை விழா மலரின் அட்டையில் ஊதாவாக மங்கிவிட்டது, முகமும் மசமசவென்று இருக்கிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முகம் மசமசத்ததற்குக் காரணம் வாட்ஸ்அப், அதில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடும். அப்படி வந்த 1200 × 1600 பிக்சல் படம் ஏ4 அட்டைக்குப் போதவே போதாது, ஓரம் வெட்டுவதற்குச் சுற்றிலும் 3 மி.மீ. விட்டால் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறக்குறைய 2550 × 3580 பிக்சல் வேண்டும். ஃபோட்டோஷாப்பில் டிபிஐ 72 என்பதை 300 ஆக்கினால் எண்தான் மாறும், இல்லாத விவரம் வராது. படம் எடுத்தவரிடம் கேமராவிலிருந்து இறக்கிய கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

நீலம்தான் உண்மையான தலைவலி. திரை ஒளியால் காட்டும் அடர்நீலத்தை சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு) மைகளைக் கலந்து அச்சில் அப்படியே கொண்டுவர முடியாது, மெஜந்தா கொஞ்சம் தூக்கலானாலே ஊதா தட்டும். அதனால் அச்சகத்தில் எந்த சிஎம்ஒய்கே புரொஃபைல் (நான்கு அச்சு மைகளும் தாளில் எப்படித் தெரியும் என்று சொல்லும் கோப்பு), எந்தத் தாள் என்று முதலில் கேளுங்கள். அந்த புரொஃபைலை வைத்து ஃபோட்டோஷாப்பில் ப்ரூஃப் கலர்ஸ் (அச்சு நிறத்தைத் திரையிலேயே காட்டும் வசதி) போட்டுப் பாருங்கள், புடவைப் பகுதியில் மட்டும் மெஜந்தாவைக் கொஞ்சம் குறையுங்கள். ஆர்ஜிபி (திரை நிறங்களில் உள்ள) மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மறுபதிப்புக்கு முன் அதே தாளில் ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.