பேச்சுத் திறமையும் கடைக் கொப்பியும்

அன்பின் அக்காவுக்கு,

பண்டாரவளையில் போயா நாட்களில் நாங்கள் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் மேசை விளையாட்டை விளையாடுகிறோம். கதையையும் கடைக்காரர் போன்ற மற்றப் பாத்திரங்களையும் நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். எங்கள் குழுவின் பாணன் பாத்திரத்துக்குக் கரிஸ்மா, அதாவது ஆளைக் கவரும் ஆற்றல், 18. எந்தக் கடைக்குள் போனாலும் பகடையை உருட்டிவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிறான். கரிஸ்மா 8 உள்ள போர்வீரன் வாசலிலேயே நின்றுவிடுகிறான். விலை குறைப்பதை நிறுத்தினால் பாணனுக்கு அநியாயம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

நிறுத்துங்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் முழு உலோகக் கவசம் 1,500 பொன். கரிஸ்மாவுக்கு இவ்வளவு கழிவு என்று அந்தப் பட்டியலில் இல்லை. அது மேசைகளில் நாமாக வளர்த்த பழக்கம். இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு பாத்திரத்தின் கூட்டலும் சேர்ந்து 15ஐத் தொட வேண்டும் என்றால், பர்சுவேஷன் என்ற, பேசி இணங்கவைக்கும் திறனில் பழகிய உங்கள் பாணன் தொடக்க நிலையிலேயே +6ஓடு நூற்றுக்கு 60 தடவை வெல்வான். போர்வீரன் 25 தடவைதான். ஒரே உருட்டில் 750 பொன் மிஞ்சுமென்றால் போர்வீரனை யார் பேச விடுவார்கள்?

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அம்மா கொப்பியைக் கையில் தந்து டவுன் கடைக்கு அனுப்புவார். மா, சீனி, பருப்பு எல்லாம் சம்பள நாள் வரைக்கும் பற்று. முதலாளி யாருக்கும் ஐந்து சதம் குறைத்ததில்லை. ஆனால் மழை பிடித்து, வேலை குறைந்து, அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழுந்த மாதங்களிலும் எங்கள் கொப்பியை அவர் மூடவில்லை. பக்கத்துக் காம்பராவில் அம்மாவைவிட இனிக்கப் பேசும் ஒருவர் இருந்தார். அவருக்குப் பற்று கிடையாது.

விலையைப் பேச்சு அசைக்கவில்லை. எதைத் தருவது, எப்போது தருவது என்பதைத்தான் மனிதரின் மதிப்பு தீர்மானித்தது. இதே விளையாட்டுக்கு 2017இல் வந்த சனத்தாரின் கையேடும் இந்த வழியில்தான் போகிறது: மந்திரப் பொருள் தேடுகிறவர் குறைந்தது ஒரு வாரமும் 100 பொன்னும் செலவழித்துப் பர்சுவேஷன் உருட்ட வேண்டும், எப்படிப்பட்ட பொருள் கண்ணில் படும் என்பதையே அந்த உருட்டு சொல்லும். கால் ஆஃப் கதுலு என்ற இன்னொரு விளையாட்டின் ஏழாம் பதிப்பில் கிரெடிட் ரேட்டிங் என்று தனித் திறனே உண்டு. கையில் எவ்வளவு காசு, எதுவரை கணக்குப் பார்க்காமல் செலவழிக்கலாம் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கும்.

ஆகவே பாணன் வென்றால் கடன் கொடுங்கள். உள்ளறையில் இருக்கும் பொருளைக் காட்டுங்கள். நேற்று யார் வந்து நஞ்சு வாங்கினார் என்று கடைக்காரர் வாயிலிருந்து வரட்டும்.

போர்வீரனுக்கு வேறு வழி இருக்கிறது. ஒருநாள் அம்மா கடையில் ஒரு சிட்டிகை தேயிலைத் தூளை உள்ளங்கையில் போட்டு, விரலால் பரப்பி, ஊதிப் பார்த்தார். நார் பறந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. முதலாளி அந்தச் சாக்கைத் தள்ளிவிட்டு உள்ளேயிருந்து வேறு சாக்கைக் கொண்டுவந்தார். வாளைப் பத்து வருடம் பிடித்தவன் வாளை வளைத்துப் பார்க்கட்டும், ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவட்டும். அதற்குக் கரிஸ்மா எதற்கு? புத்திக்கூர்மையில் உருட்டச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவன் என்பதால் பயிற்சிக்குரிய +2ஐயும் சேருங்கள்.

அடுத்த போயாவுக்கு உங்கள் கடைக்காரருக்கும் ஒரு கொப்பி வாங்கி வையுங்கள், தம்பி. முதல் பக்கத்தில் பாணனின் பெயரையும் அவன் தர வேண்டிய பொன்னையும் எழுதுங்கள். தவணை நாள் வரும்போது கடைக்கு யார் போகிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.