ஒரே ராணி, மூன்று முகம்

கேள்வி: எங்களிடம் உள்ள பவுன் காசுகள் இரண்டிலும் விக்டோரியா ராணிதான், ஆனால் முகம் வேறு வேறு. ஒன்று போலியா?

பதில்: முகம் மாறியிருப்பதால் மட்டும் போலி என்று சொல்ல முடியாது. 1838 முதல் 1887 வரை வந்த காசுகளில் இருப்பது வில்லியம் வயன் செதுக்கிய இளமுகம், கூந்தலில் நாடா கட்டியது. 1887இல் வந்தது போம் என்ற சிற்பி வடித்த முகம், உச்சியில் சின்னஞ்சிறு கிரீடம். இப்போது விழுமோ என்பதுபோல் உட்கார்ந்திருக்கும். அன்றே கேலி செய்தார்கள், நியாயம்தான்! 1893இல் தாமஸ் பிராக் முக்காடிட்ட முதிய ராணியைத் தந்தார்.

ஆண்டைத் தேடும்போது காசைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் கேடயம் என்றால் ஆண்டு ராணியின் கழுத்துக்குக் கீழே இருக்கும். குதிரைவீரன் டிராகனை வெட்டும், பிஸ்ட்ருச்சி என்ற கலைஞர் வடித்த சித்திரம் என்றால் அதன் அடியிலேயே இருக்கும்.

அசல் காசு 22 காரட், 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டர். நம் சவரன் 8 கிராம் ஆனதும் இதனால்தான். எடை சரியாக இருந்து காசு தடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்: மட்டமான உலோகத்துக்கு அதே எடைக்குக் கூடுதல் இடம் வேண்டும். மாலையில் கோத்த காசில் பற்றவைத்த வளையம் எடையைக் கூட்டிக் காட்டும்.