மண்ணுக்குள் போகும் வெந்நீர்க் குழாய்: மலிவானது போதுமா?

கேள்வி: வீட்டைச் சூடாக்க, 30 மீட்டர் தள்ளி வெளியே விறகு பாய்லர் வைக்கப்போகிறோம். வெந்நீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீட்டுக்கு வர வேண்டும். குமிழித்தாளைச் சுற்றி, நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்த வகை மலிவாக இருக்கிறது. நுரை நிரப்பிய வகைக்கு விலை அதிகம். மலிவானது போதாதா?

பதில்: போதாது. பாய்லரில் வேண்டுமானால் சிக்கனம் பாருங்கள், மண்ணுக்குள் போவதில் வேண்டாம். ஒருமுறை மூடிய பள்ளத்தைத் திரும்பத் தோண்டுவது யாருக்கும் பிடித்த வேலை இல்லை.

குமிழித்தாள் காய்ந்திருக்கும்வரை ஓரளவு தாங்கும். வெளியுறையில் சின்ன விரிசல் விட்டாலோ, முனை சரியாக அடைபடாமல் இருந்தாலோ மண்ணிலுள்ள ஈரம் உள்ளே இறங்கிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அப்புறம் நீங்கள் எரிக்கும் விறகு மண்ணைத்தான் சூடாக்கும். பனி கொட்டும் இடங்களில் இப்படிப்பட்ட குழாய் போகும் தடத்தில் மட்டும் பனி உருகிக் கோடாகத் தெரியும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடும் குழாயில், வீடு வந்து சேர்வதற்குள் வெந்நீர் 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால், இழப்பு சுமார் 2 கிலோவாட். பம்ப் ஓடும் நேரமெல்லாம் ஒரு மின்சார ஹீட்டரை மண்ணுக்குள் போட்டு வைத்த மாதிரி. 5 டிகிரி குறைந்தால் 10 கிலோவாட்டைத் தாண்டும்.

அதனால் பாலியூரித்தேன் நுரை குழாயோடும் வெளியுறையோடும் ஒட்டியிருக்கும் வகையை வாங்குங்கள். தண்ணீர் புகுந்து ஓட அதில் இடைவெளி இருக்காது. வெட்டிய துண்டு ஒன்றைக் கடையில் கேட்டுப் பாருங்கள். உறைக்குள் வீட்டுக்கு வெந்நீர் கொண்டுவரும் குழாயும், ஆறிய தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் குழாயும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் சூடு வீட்டுக்கு வராமல் திரும்பும் தண்ணீருக்கே போய்விடும். முனைகளை அடைக்கும் ரப்பர் மூடிகளையும் சேர்த்தே வாங்குங்கள்.

உள்ளே வெந்நீர் ஓடும் பெக்ஸ் (PEX, வெந்நீரைத் தாங்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்) குழாயில் இன்னொரு விஷயம். 1 அங்குலம் என்று விற்பதன் உள்விட்டம் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அளவுதான். பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது உள்விட்டத்தை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

நீளத்தை அளக்கும்போது இரண்டு பக்கமும் மேலே ஏறும் பகுதியை மறந்துவிடாதீர்கள். மண்ணுக்குள் இணைப்பே இருக்கக்கூடாது, ஒரே சுருளாக வேண்டும். அரை மீட்டர் குறைந்தாலும் பள்ளத்துக்குள் இணைப்புப் போடத்தான் மனசு போகும். பிறகு கசிவதும் அங்கேதான்.

தோண்டும் முன் மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று விசாரித்துவிடுங்கள். பள்ளத்தில் கல் இல்லாத மணலைப் பரப்பிக் குழாயை வையுங்கள். மூடுவதற்கு முன்பே அழுத்தம் ஏற்றிச் சோதியுங்கள். மண் தள்ளி முடிக்கும்வரை அந்த அழுத்தத்தை இறக்கவேண்டாம். மண்வெட்டி எங்காவது குழாயில் பட்டுவிட்டால், அழுத்தமானியில் முள் இறங்கி அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.